செலினியமும் இறங்கியது, கொலஸ்ட்ரோலும் இறங்கியது

"குடிக்கிற மருந்து எல்லாத்தையும் கொண்டு வாங்க" என்று முந்திய நாள் சொல்லியனுப்பியிருந்தேன். அந்த அம்மா சொன்னதை அப்படியே செய்தார், பால்மா டின் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் கவிழ்த்துவிட்டார். பரசிட்டமோல் அட்டை இரண்டு, யாருடையது என்று தெரியாத ஒரு கண் மருந்து, நான் எழுதிக்கொடுத்து அவர் பாதியில் நிறுத்திய கொலஸ்ட்ரோல் குளிசை, கல்சியம், காய்ந்துபோன வெற்றிலைக் காம்பு, கடைசியாக உருண்டு வந்து என் ஸ்டெதஸ்கோப்பில் முட்டி நின்ற ஒரு வெள்ளைப் போத்தல். முழுக்க ஆங்கிலம். செலினியம், 200 மைக்ரோகிராம், தினம் ஒன்று.

"இது யார் தந்தது?"

"மகன்தான் கட்டார்ல இருந்து அனுப்புச்சு. கொலஸ்ட்ரோலுக்கு நல்லதாம். காலைல ஒன்னு, ராவைக்கு ஒன்னு."

"தினம் ஒன்றுன்னுதானே போட்டிருக்கு?"

"ரெண்டு போட்டா சீக்கிரம் கொறையும்னு பக்கத்து லயத்து அக்கா சொல்லுச்சு."

எழுதப்போவது இந்த அம்மாவைப் பற்றித்தான். அனுமதி வாங்கியிருக்கிறேன், ஆளைக் கண்டுபிடிக்கக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன், இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தொடங்கும்போது இது செலினியத்துக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் அழகான கேஸ் என்று நினைத்தேன், முடிவில் வேறொன்றாக இருந்தது, அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

முதல் தடவை

வயது 56. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர், மலைக்குப் போவதை நிறுத்தி இரண்டு வருடம். உயரம் 149 சென்ரிமீற்றர், எடை 61 கிலோ. பிரஷர் 138/88. புகை இல்லை, வெற்றிலை உண்டு. நெஞ்சு வலி, பாரிசவாதம் எதுவும் வந்ததில்லை. வெறும் வயிற்றுச் சீனி 104. ஒரு மருத்துவ முகாமில் ரத்தம் எடுத்து, கொலஸ்ட்ரோல் கூட என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள், அந்த ரிப்போர்ட்டோடு வந்தார்: மொத்தம் 291, கெட்ட கொலஸ்ட்ரோல் எனப்படும் எல்.டி.எல். 204, நல்லது எனப்படும் எச்.டி.எல். 47, இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைட் 200. எல்லாம் டெசிலீற்றருக்கு மில்லிகிராம் கணக்கு.

நான் என்ன செய்தேன்? எல்லாரும் செய்வதைச் செய்தேன். தேங்காய்ப்பாலைக் குறைக்கச் சொன்னேன், கருவாட்டைப் பொரிக்காதீர்கள் என்றேன், கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகைக் குளிசையான அட்டோவஸ்டாட்டின் 20 மில்லிகிராம் துண்டில் எழுதினேன், ஆறு வாரத்தில் வரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை. வெளியே சந்தைக் கூட்டம், உள்ளே பதினெட்டுப் பேர் வரிசையில். "குளுருது டொக்டர் தம்பி, எலும்புக்குள்ள குளுருது" என்று அவர் சொன்னது கொப்பியில் இருக்கிறது, என் கையெழுத்துத்தான். அதற்குப் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. நுவரெலியா மாவட்டத்தில் குளிர்கிறது என்று சொல்லும் ஒருவருக்காக யார் பேனாவை எடுப்பார்கள்?

மூன்றாவது வாரமே தொடையும் தோளும் கடுக்கத் தொடங்கி, லயத்திலிருந்து ரோட்டுக்கு ஏறி வரும் படிக்கட்டில் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியதாகி, அவராகவே குளிசையை நிறுத்திவிட்டார். என்னிடம் வந்து சொல்லவும் இல்லை. மகனிடம் போனில் சொல்லியிருக்கிறார். மகன் கூட வேலை செய்பவரிடம் கேட்டிருக்கிறார், அவர் எதையோ பார்த்துவிட்டுச் செலினியம் என்று சொல்லியிருக்கிறார். ஊருக்கு வந்த ஒருவர் பையில் போத்தல்கள் வந்து சேர்ந்தன.

நாலு மாதம். ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம்.

அப்புறம் வந்த ரிப்போர்ட்டில் மொத்தம் 298, எல்.டி.எல். 210, எச்.டி.எல். 46, டிரைகிளிசரைட் 210. கட்டாரிலிருந்து மகன் என்னை அழைத்தார். குரலில் பயம். "டொக்டர், நான் அனுப்பின மருந்துதான் கூட்டிருச்சா? இன்டர்நெட்ல ரெண்டு மாதிரியும் போட்டிருக்கு."

இரண்டு மாதிரியும்தான் போட்டிருக்கிறது. அவர் தப்பாக வாசிக்கவில்லை.

ஆய்வுகள் சொல்வது என்ன

செலினியம் நமக்குத் தேவையான ஒரு கனிமம், ஆனால் மிகக் கொஞ்சம்தான் தேவை, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 55 மைக்ரோகிராம் என்பது அமெரிக்கப் பரிந்துரை. கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். உடம்பு அதை வைத்து இருபத்தைந்து வகைப் புரதங்கள் செய்கிறது, ஒட்சியேற்றத்தின் சேதத்தைத் தடுக்கும் குளூட்டதையோன் பெரொக்சிடேஸ் வகையைச் சேர்ந்தவை சில, கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியின் ஹோர்மோனைப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றும் டீஅயோடினேஸ்கள் சில. குறைந்தால் வரும் நோய்க்குப் பேர்போன ஊர் சீனாவின் கெஷான், அங்கே 1930களில் பிள்ளைகளும் இளம்பெண்களும் இதயத் தசை கெட்டு இறந்தார்கள். கூடினாலும் நஞ்சுதான். அமெரிக்கா வைத்திருக்கும் மேல் எல்லை 400 மைக்ரோகிராம், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் அதை 255 ஆகக் குறைத்துவிட்டது. ஆக, நம்ம அம்மா அமெரிக்க எல்லையின் விளிம்பில் நின்றார், ஐரோப்பிய எல்லையைத் தாண்டிவிட்டார், அதுவும் சாப்பாட்டில் வருவதைக் கணக்கில் சேர்க்காமல்.

கொலஸ்ட்ரோலுக்கு வருவோம். 2003–2004 அமெரிக்கத் தேசிய கணக்கெடுப்பில் 40 வயதுக்கு மேற்பட்ட 1,159 பேரின் ரத்தச் சீரத்தில் செலினியத்தையும் கொழுப்பையும் சேர்த்துப் பார்த்தார்கள். அங்கே சராசரியே லீற்றருக்கு 137 மைக்ரோகிராம் அளவில் இருந்தது, நல்ல உயரம். அதில் 147-க்கு மேலே இருந்த கால் பங்கினரையும் 124-க்குக் கீழே இருந்த கால் பங்கினரையும் ஒப்பிட்டால், வயது, எடை போன்றவற்றைக் கழித்த பிறகும் மேலே இருந்தவர்களின் மொத்தக் கொலஸ்ட்ரோல் ஏறத்தாழ 13 மில்லிகிராம் கூட. பிரித்தானியாவில் 2000–2001-ல் 19 முதல் 64 வயது வரையான 1,042 பேரிடம் பார்த்தபோதும் அதே பக்கம்தான்: உச்சக் கால் பங்குக்கும் அடிக் கால் பங்குக்கும் 0.39 மில்லிமோல் வித்தியாசம், நம்ம கணக்கில் 15 மில்லிகிராம் வரும். இத்தனைக்கும் பிரித்தானியர்களின் செலினியம் அமெரிக்கர்களுடையதைவிட எவ்வளவோ குறைவு. இரண்டு நாட்டிலும் செலினியம் கூடியவருக்குக் கொலஸ்ட்ரோலும் கூட என்றால், ஆளைக் குழப்பத்தானே செய்யும்?

சரி, இவை எல்லாம் ஒரே நாளில் எடுத்த ரத்தத்தில் இரண்டையும் அளந்து பார்த்தவை. எது முன்னே, எது பின்னே என்று இதில் தெரியாது. செலினியம் மீனிலும் இறைச்சியிலும் ஈரலிலும் முட்டையிலும் இருக்கிறது, அதைத் தாராளமாகச் சாப்பிடுகிறவரின் தட்டில் வேறு என்ன இருக்கும் என்று யோசித்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

கொடுத்துப் பார்த்தால் என்ன ஆகிறது என்பதுதான் உண்மையான பரீட்சை. பிரித்தானியாவில் 60 முதல் 74 வயது வரையான 501 பேருக்கு ஆறு மாதம் கொடுத்தார்கள், 100, 200, 300 மைக்ரோகிராம், ஒரு பகுதியினருக்கு வெறும் போலிக் குளிசை. 2011-ல் முடிவு வந்தது. செலினியம் எடுத்தவர்களின் கொலஸ்ட்ரோல் ஏறவில்லை, இறங்கியது! 100-ல் 0.22 மில்லிமோல், 200-ல் 0.25, அதாவது 9, 10 மில்லிகிராம் சொச்சம். 300-ல் மொத்தத்தில் வந்த இறக்கம் பெரிதாக எடுத்துக்கொள்ளும் அளவுக்கு இல்லை, எச்.டி.எல். மட்டும் கொஞ்சம் ஏறியது. இதே திட்டத்தின் டென்மார்க் பகுதியில் ஐந்து வருடம் வரை கொடுத்துப் பார்த்தபோது கொலஸ்ட்ரோலில் சொல்லும்படி எதுவும் அசையவில்லை. மகனின் நண்பர் பிரித்தானியாவில் கொடுத்துப் பார்த்ததை வாசித்திருப்பார், மகன் பிறகு அமெரிக்கக் கணக்கெடுப்பை வாசித்திருப்பார். ஆளுக்கொரு துண்டு, இரண்டும் உண்மை.

டென்மார்க் கதைக்கு ஒரு வால் உண்டு, அதை மகனிடம் நான் அழுத்திச் சொன்னேன். ஐந்து வருடம் 300 மைக்ரோகிராம் எடுத்தவர்களைப் பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது இறப்பு கூடியிருந்தது என்று 2018-ல் எழுதினார்கள். இன்னொரு அமெரிக்க ஆய்வில், 200 மைக்ரோகிராம் எடுத்தவர்களுக்கு இரண்டாம் வகைச் சீனி வியாதி கூடுதலாக வந்தது. புரஸ்டேட் புற்றுநோயைத் தடுக்குமா என்று 35,533 ஆண்களை வைத்துத் தொடங்கிய பெரிய ஆய்வு பயன் எதுவும் தெரியாமல் 2008-ல் நிறுத்தப்பட்டது. நம்ம அம்மாவுக்கு வெறும் வயிற்றுச் சீனி ஏற்கெனவே 104.

எனக்குப் பிடித்த சான்று பின்லாந்து. அங்கே மண்ணில் செலினியம் இல்லை என்று 1984 முதல் உரத்திலேயே கலந்து போடுகிறார்கள், முழு நாட்டின் ரத்தத்திலும் செலினியம் ஏறியது. அதே காலத்தில் அந்த நாட்டின் சராசரிக் கொலஸ்ட்ரோல் இறங்கிக்கொண்டே வந்தது, காரணம் வெண்ணெயைக் குறைத்ததும் மற்ற உணவு மாற்றங்களும். செலினியம்தான் கொலஸ்ட்ரோலை ஏற்றுகிறது என்றால் பின்லாந்துக்காரர்கள் பாடு திண்டாட்டமாகியிருக்க வேண்டும்.

இரண்டுக்கும் உள்ளுக்குள்ளே தொடர்பே கிடையாது என்று நான் சொல்லவில்லை. கொலஸ்ட்ரோல் தயாராகும் அதே பாதையில் வரும் ஒரு சின்னப் பொருள்தான் செலினியப் புரதங்களைக் கட்டுகிற ஆர்.என்.ஏ.யை முழுமையாக்குகிறது, ஸ்டாட்டின் குளிசை அடைப்பது அந்தப் பாதையைத்தான். ஸ்டாட்டினால் வரும் தசைவலிக்கு இது காரணமாக இருக்கலாம் என்று 2004-லேயே எழுதியிருக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம்ம அம்மாவின் தசைவலிக்குக் காரணம் அதைவிடச் சாதாரணமானது.

நாற்காலியில் முழங்காலிட்டு

மகனோடு பேசிய அடுத்த நாள்தான் அந்த பால்மா டின் வந்தது. வரிசையில் ஆள் குறைவு. மழை. நான் முதல் தடவையாக அவரை ஒழுங்காகப் பார்த்தேன். பகல் பன்னிரண்டு மணி, மார்ச் மாதம், வெயில் காய்ந்து பிறகு பெய்த மழை, மற்றவர்கள் எல்லாம் ஒரு சுவெட்டரோடு இருக்க இவர் இரண்டு சுவெட்டர், அதற்கு மேல் கம்பளித் தொப்பி. கண்ணுக்குக் கீழே ஊதியிருந்தது. குரல் கரகரத்து, ஒவ்வொரு சொல்லும் மேட்டில் ஏறுகிற லொறி மாதிரி வந்தது. முடி கொட்டுவதாகச் சொன்னார், பேத்தி சீப்பைக் காட்டிச் சிரிக்கிறாளாம். நகங்கள் ஓரத்தில் உடைந்திருந்தன, கொழுந்துச் சாயம் பிடித்த விரல்கள் அதிகமாக எதையும் காட்டிக்கொடுக்காது என்றாலும் பார்த்தேன், குறுக்கே வெள்ளைக் கோடுகள் இருப்பதுபோலப் பட்டது. மூச்சில் வெள்ளைப்பூண்டு வாடை அடிக்கிறதா என்று கிட்டப் போய்ப் பார்த்தேன், செலினியம் கூடினால் அது வாயுவாகி மூச்சில் வரும், ஆனால் வெற்றிலையும் சுண்ணாம்பும் போட்டிருப்பவரின் மூச்சில் வேறு எதைத்தான் கண்டுபிடிப்பது!

முடி கொட்டுவதும் நகம் உடைவதும் செலினிய நஞ்சின் முதல் அடையாளங்கள். 2008-ல் அமெரிக்காவில் ஒரு திரவ ஊட்டச்சத்தில் லேபிளில் போட்டதைப்போல 200 மடங்கு செலினியம் கலந்துபோய் 201 பேர் பாதிக்கப்பட்டபோது அதிகமாக வந்தவை வயிற்றோட்டம், களைப்பு, முடி கொட்டுதல். என் மூளை அந்தப் பக்கமே ஓடியது. இந்தப் போத்தல்தான் குற்றவாளி, கேஸ் முடிந்தது என்று எழுதவே போனேன்.

காப்பாற்றியது அவருடைய குதிகால். நாற்காலியில் முழங்காலிட்டு, பாதத்தைப் பின்னால் தொங்கவிட்டு உட்காரச் சொன்னேன். கூச்சப்பட்டார், பேத்தி சிரித்தாள். சுத்தியலால் குதிகால் தசைநாணில் தட்டினேன். பாதம் டக்கென்று கீழே போனது. திரும்பி வர வேண்டும், வரவில்லை. பிறகு வந்தது, மெதுவாக, காற்று இறங்குகிற டயர் மாதிரி. மறுபடி தட்டினேன். அதேதான். பேத்தி சிரிப்பை நிறுத்தி எட்டிப் பார்த்தாள். தைரொயிட் குறைந்தவர்களின் பாதம்தான் இப்படி மெதுவாகத் திரும்பும்.

"அம்மா, உங்க அம்மாவுக்குக் கழுத்துல வீக்கம் இருந்துச்சா?"

"இருந்துச்சு தம்பி. பெருசா. அப்பல்லாம் நெறைய பேருக்கு இருந்துச்சே."

மலையகத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. இலங்கையின் ஈரவலயமும் மலைநாடும் கண்டக்கழலை என்ற இந்தத் தைரொயிட் வீக்கத்துக்குப் பேர்போன பகுதி, 1995-ல் உப்பில் அயடின் சேர்ப்பதைச் சட்டமாக்கியதே அதற்காகத்தான். அதற்குப் பிறகு பிறந்தவர்களிடம் பெரிய கழுத்தை நாம் அவ்வளவாகப் பார்ப்பதில்லை, அதனால் தைரொயிட்டையே மறந்துவிட்டோம் போல. நான் மறந்திருந்தேன்.

டி.எஸ்.எச். 38. தைரொயிட் சோர்ந்தால் ஏறுகிற ஹோர்மோன் இது, நான்குக்குக் கீழே இருக்க வேண்டியது. தைரொயிட் சுரக்கும் ஹோர்மோனான தைரொக்சின் தெளிவாகக் குறைவு. தைரொயிட்டைத் தாக்கும் எதிர்ப்பொருளும் நன்றாகக் கூட, ஆகவே இது அயடின் பற்றாக்குறை அல்ல, உடம்பே தன் தைரொயிட்டை அழிக்கிற ஹஷிமொட்டோ வகை. தசைச் சேதத்தைக் காட்டும் சி.பி.கே. 612, ஸ்டாட்டினை நிறுத்தி நாலு மாதத்துக்கு மேலான பிறகும்!

இப்போது எல்லாம் ஒரு நூலில் கோர்த்துக்கொண்டு வருகிறது. ஈரலில் எல்.டி.எல்.ஐப் பிடித்து உள்ளே இழுக்கும் வாங்கிகளைக் கூட்டுவது தைரொயிட் ஹோர்மோன், அது குறைந்தால் எல்.டி.எல். ரத்தத்திலேயே தேங்கி நிற்கும். தைரொயிட் குறைந்த தசை ஏற்கெனவே பலவீனம், அதன்மேல் ஸ்டாட்டினைப் போட்டால் வலிக்கும். ஸ்டாட்டின் எழுதுமுன் தைரொயிட் பார்க்க வேண்டும் என்பது மருத்துவ மாணவர்களுக்கே சொல்லித்தரும் விஷயம். அதைச் செய்யாதவன் நான்தான்.

செலினியம் எவ்வளவு இருந்தது

இது சாதாரணமாக இங்கே யாரும் செய்யாத பரிசோதனை, செய்யத் தேவையும் இல்லை, ஆனால் மகன் பணம் கட்டுகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றார், எனக்கும் தெரிந்துகொள்ளும் ஆசை. கனிமம் கலக்காத தனிக் குழாயில் ரத்தம் எடுக்க வேண்டும், சாதாரணக் குழாயின் மூடியிலிருந்துகூடக் கனிமங்கள் கலக்கலாம். கொழும்புக்குப் போய் அங்கிருந்து வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்குப் போய், பதினெட்டு நாளில் வந்தது: லீற்றருக்கு 212 மைக்ரோகிராம். அமெரிக்கச் சராசரியைவிடவே எவ்வளவோ மேலே. ஏறத்தாழ 125-ஐத் தொட்டாலே செலினியப் புரதங்கள் எல்லாம் நிறைந்துவிடும், அதற்கு மேலே போவது உடம்புக்கு உபயோகமில்லாத மிச்சம்.

குளிசை தொடங்குமுன் அவருக்கு எவ்வளவு இருந்திருக்கும்? அளக்கவில்லை, இந்த எழுத்தின் பெரிய ஓட்டை அதுதான். ஊர் நிலவரத்தை வைத்துப் பார்த்தால் குறைவாகவே இருந்திருக்கலாம். நம் நாட்டின் கண்டக்கழலைப் பகுதிகளில் மண்ணையும் அரிசியையும் பெண்களின் தலைமுடியையும் சோதித்து 2000-ல் ஒரு ஆய்வு வந்தது. ஈரவலய மண்ணில் செலினியம் இருக்கத்தான் இருக்கிறது, ஆனால் இரும்பிலும் களியிலும் சேதனப் பொருளிலும் ஒட்டிக்கொண்டு பயிருக்குக் கிடைப்பதில்லை. சோதித்த பெண்களில் ஏறத்தாழக் கால் பங்கினருக்கு, சில கிராமங்களில் நூற்றுக்கு நாற்பது வரை, முடியில் செலினியம் பற்றாக்குறை அளவில்.

ஆனால் தோட்டத்துச் சாப்பாடு அரிசி மட்டும் இல்லையே. காலையில் ரொட்டி, மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் ரொட்டிதான், கட்டச்சம்பலோடு. அந்தக் கோதுமை மா இறக்குமதி. கோதுமையின் செலினியம் அது முளைத்த மண்ணைப் பொறுத்தது, வட அமெரிக்கச் சமவெளியில் விளைந்ததில் நிறைய, ஐரோப்பாவில் விளைந்ததில் கொஞ்சம். பிரித்தானியா வட அமெரிக்கக் கோதுமையைக் குறைத்து ஐரோப்பியக் கோதுமைக்கு மாறியபோது அந்த மக்களின் செலினியமே இறங்கிப்போனது. அப்படியானால் தலவாக்கலை லயத்தில் ஒரு அம்மாவின் ரத்தத்தில் எவ்வளவு செலினியம் இருக்கும் என்பதை எந்த நாட்டுக் கப்பல் கொழும்புக்கு வந்தது என்பதும் சேர்ந்து தீர்மானிக்கிறது. நெத்தலியும் கருவாடும் டின் மீனும் தம் பங்குக்குக் கொடுக்கும், நான் பொரிக்காதீர்கள் என்று சொன்ன அதே கருவாடு.

சிகிச்சை

செலினியத்தை அன்றே நிறுத்தச் சொன்னேன். ஈ.சி.ஜி. சரியாக இருந்ததால் தைரொக்சின் 50 மைக்ரோகிராமில் தொடங்கினேன். ஸ்டாட்டின் இப்போதைக்கு வேண்டாம்.

தைரொயிட் குறைவுக்குச் செலினியம் நல்லதுதானே, ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கலாம், மகனும் கேட்டார். உண்மைதான், உடம்பில் எடைக்கு எடை செலினியம் அதிகம் உள்ள உறுப்பே தைரொயிட்தான், எதிர்ப்பொருளின் அளவு செலினியத்தால் கொஞ்சம் இறங்கியதாகச் சில ஆய்வுகளும் உண்டு. ஆனால் அதனால் நோயாளிக்குச் சுகம் கிடைக்கிறது என்பதற்குச் சான்று போதாது, அதனால்தான் வழக்கமாகக் கொடுப்பதில்லை. 212 இருப்பவருக்குக் கொடுக்க எந்த நியாயமும் இல்லை. இன்னொன்றும் சொன்னேன்: அயடினும் செலினியமும் இரண்டுமே குறைந்த கொங்கோப் பகுதியில், அயடின் கொடுக்காமல் செலினியத்தை மட்டும் கொடுத்தபோது தைரொயிட் ஹோர்மோன் இன்னும் இறங்கிப்போனது. அதற்காக இவருடைய வீட்டு உப்பையும் விசாரித்தேன். அயடின் உப்புத்தான் வாங்குகிறார்கள், ஆனால் பக்கெட்டை வெட்டிச் சிரட்டையில் கொட்டி அடுப்புக்கு மேலே வைத்திருக்கிறார்கள், சூடும் ஈரமும் பட்டு அயடின் போய்க்கொண்டிருக்கும். மூடியுள்ள போத்தலுக்கு மாற்றச் சொன்னேன்.

ஆறு வாரத்தில் டி.எஸ்.எச். 19-க்குத்தான் வந்தது. எதிர்பார்த்ததைவிடக் குறைவான இறக்கம். விசாரித்தால், விடியக்காலை பிளேன்டீயோடும் ரொட்டியோடும், எலும்புக்கு என்று தந்த கல்சியக் குளிசையோடும் தைரொக்சினையும் சேர்த்து ஒரே வாயில் போட்டிருக்கிறார். கல்சியம் தைரொக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். எழுந்தவுடன் வெறும் தண்ணீரில் தைரொக்சின், அரை மணி நேரம் கழித்துத் தேத்தண்ணி, கல்சியம் ராவைக்கு என்று மாற்றினோம், அளவையும் 75 ஆக்கினேன். "தேத்தண்ணி இல்லாம அரை மணி நேரமா?" என்று அவர் கேட்ட தொனியில், எந்த மருந்தைச் சொல்லியிருந்தாலும் இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது என்று பட்டது.

மூன்றாம் மாதம்: டி.எஸ்.எச். 6.1, மொத்தக் கொலஸ்ட்ரோல் 224, எல்.டி.எல். 145. ஐந்தாம் மாதம்: டி.எஸ்.எச். 2.8, மொத்தம் 208, எல்.டி.எல். 131, எச்.டி.எல். 51, டிரைகிளிசரைட் 130. சி.பி.கே. 118. எடை மூன்று கிலோ குறைந்திருந்தது. படிக்கட்டில் உட்காராமல் ஏறி வந்தார், ஒரே ஒரு சுவெட்டரில். மகன் இன்னொரு தடவை பணம் அனுப்பியதால் செலினியமும் பார்த்தோம்: 109.

இரண்டு எண்களும் சேர்ந்து இறங்கினால்

மகன் அனுப்பிய குறுஞ்செய்தி இப்படி இருந்தது: "செலினியம் 212-லிருந்து 109. கொலஸ்ட்ரோல் 298-லிருந்து 208. அப்ப செலினியம்தானே கூட்டியிருக்கு?"

அவர் மேல் தப்பில்லை. இந்த இரண்டு வரியையும் ஒரு தாளில் போட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும், ஆயிரம் பேரிடம் அளந்து பார்க்கும் ஆய்வாளருக்கும் இந்த அம்மா ஒரு புள்ளியாக, செலினியம் கூட, கொலஸ்ட்ரோலும் கூட என்ற பக்கத்தில்தான் விழுவார். நான் அதே நாளில் ஒன்றை நிறுத்தி இன்னொன்றைத் தொடங்கினேன், அதனால் நடந்த இறக்கத்தை இரண்டில் எதற்கு எழுதுவது என்று இறக்கத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. முடி கொட்டுவது நின்றதற்கும் இதே பதில்தான், நஞ்சு போனதாலா ஹோர்மோன் வந்ததாலா என்று அந்த முடிக்குத்தான் தெரியும். ஒவ்வொன்றாகச் செய்திருந்தால் தெரிந்திருக்கும், ஆனால் டி.எஸ்.எச். 38 உள்ளவரை என் ஆர்வத்துக்காகக் காத்திருக்க வைக்க முடியுமா?

பதில் இறக்கத்தில் இல்லை, ஏற்றத்தில் இருக்கிறது. போத்தல் ஊருக்கு வருவதற்கு முன்பே அவருடைய கொலஸ்ட்ரோல் 291. நாலு மாதம் 400 மைக்ரோகிராம் வீதம் குடித்த பிறகு 298. இடைவெளி ஏழு. எதுவும் மாறாத ஒரே ஆளிடம் இரண்டு நாளில் எடுத்தாலே கொலஸ்ட்ரோல் ஐந்து ஆறு சதவீதம் ஏறி இறங்கும், இவருக்கு அது பதினைந்துக்கு மேல். ஆக, அந்த ஏழு கணக்கிலேயே வராது. கூட்டியதாகவும் சொல்ல முடியாது, மகன் ஆசைப்பட்டபடி குறைத்ததாகவும் சொல்ல முடியாது. செலினியம் வந்ததும் கொலஸ்ட்ரோல் அசையவில்லை, தைரொயிட் சரியாகும்போது படிப்படியாக இறங்கியது. ஒன்று மட்டும் விட்டுப்போகிறது, அந்த நாலு மாதத்தில் தைரொயிட்டும் கூடவே மோசமாகியிருந்தால் செலினியம் கொஞ்சம் இறக்கி தைரொயிட் கொஞ்சம் ஏற்றி இரண்டும் சமமாகியிருக்கலாம், முதல் தடவையே நான் டி.எஸ்.எச். எடுத்திருந்தால் அதையும் சொல்லியிருப்பேன்.

இதையெல்லாம் போனில் விளக்கி முடித்தபோது மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப நான் அனுப்பினது சும்மாவா?" என்றார். சும்மா இல்லை, அதைப் பற்றிக் கேட்கத்தானே நீங்கள் என்னை அழைத்தீர்கள், அதனால்தானே நான் டின்னைக் கவிழ்க்கச் சொன்னேன் என்றேன்.

எல்.டி.எல். 131-க்கு இப்போது ஸ்டாட்டின் எழுதவில்லை. சீனி வியாதி இல்லை, புகை இல்லை, பிரஷர் எல்லையில் நிற்கிறது, இதய ஆபத்தைக் கணக்கிட்டுப் பார்த்ததில் குளிசை தேவைப்படும் அளவுக்கு வரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கிறோம். தேங்காய்ப்பால் விஷயத்தில் நான் கொஞ்சம் இறங்கி வந்துவிட்டேன், வாரத்தில் இரண்டு நாள் கட்டிப்பால்.

மேசையில் மிச்சமிருந்த செலினியக் குளிசைகளைக் கோழிக்குப் போடலாமா என்று கேட்டார். கோழித் தீவனத்தில் செலினியம் சேர்க்கிறார்கள்தான், ஆனால் துளி அளவு, ஒரு கோழிக்கு இந்தக் குளிசை ஒன்றே அதிகம் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். போத்தலை மட்டும் திருப்பிக் கேட்டார். உப்புப் போட்டு வைக்கப்போகிறாராம், மூடி இறுக்கமாம்.